இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறதா? மியாட்டா கியர் பாக்ஸுக்கு ஆயில் வாங்கும் முன்

என்னிடம் இருப்பது 1994-ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. வட அமெரிக்காவில் இதற்கு மியாட்டா என்று பெயர். 1.8 லிட்டர் எஞ்சின், 5 கியர், கூரை மடக்கும் இரண்டு சீட் வண்டி. டொரொன்டோவில் ஓட்டுகிறேன். ரோட்டில் உப்புக் கொட்டும் மாதங்களில் வண்டி ஷெட்டுக்குள் போய்விடும். ஏப்ரல், அக்டோபர் காலை நேரங்களில்தான் வம்பே. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு இழுத்தால், ஈர மணலுக்குள் குச்சியைக் குத்துவது போல இருக்கும். பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வெண்ணெயாக விழும்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடைக்குப் போய் 75டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மை எண் போட்ட கியர் ஆயிலில் இருப்பதிலேயே விலை அதிகமான பாட்டிலை வாங்கி ஊற்றினேன். குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் லேசானது. ஆனால் அதுவரை வாயே திறக்காத மூன்றாவது கியர், வண்டி சூடானதும் நறநறவென்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன். பாட்டிலில் இருந்த இரண்டே இரண்டு எழுத்தை நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

கீழே இருப்பது 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை மியாட்டாவின் 5 கியர் பெட்டியை வைத்து எழுதியது. வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் அறிகுறிகள் பொருந்தும். ஆயில் மட்டும் மாறும், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் இது ஆயில் கோளாறுதானா?

பாட்டிலைத் திறக்கும் முன் இரண்டு நிமிஷம் செலவழியுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து, எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று விழாமல் முட்டினால் வண்டியை லேசாக அசைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்றபடியே அதையே செய்யுங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாம் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் அடம்பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. கிளட்சை முழுக்க மிதித்து, மூன்று எண்ணி, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் உள்ளே சுற்றுவது நின்றிருக்க வேண்டும். அப்படியும் கரகரவென்றால் பழி கிளட்ச் மேல்தான். பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் கியர் சுலபமாகிறதா? அப்போது ஹைட்ராலிக் லைனில் காற்று இருக்கிறது, இல்லை எங்கோ கசிகிறது.

பழைய மியாட்டாவில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் போவது ஊரறிந்த விஷயம். பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்த, கியர் பாக்ஸின் வெளிப்பக்கம் தொங்கும் சின்ன உருளை அது. அதன் ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ஆள் காலி. மேலே கிளட்ச் திரவத் தொட்டியில் மட்டம் இறங்கி, திரவம் கறுத்தும் இருக்கும். இந்தக் கோளாறோடு எத்தனை பேர் மூன்று நான்கு வகை கியர் ஆயில் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணினால் எனக்கே சிரிப்பு வரும். அவர்களில் நானும் ஒருவன்.

கிளட்ச் சரிதான் என்று தெரிந்துவிட்டால் மேலே போகலாம்.

வழுக்கக் கூடாத ஓர் இடம்

ஆயில் என்றாலே வழுக்க வேண்டும், அதிகம் வழுக்கினால் அதிகம் நல்லது என்று மனசு சொல்லும். கியர் பல்லுக்கும் பேரிங்குக்கும் அது சரி. ஆனால் சிங்க்ரோ வளையம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு வழுக்கினால் ஆகாது.

கியர் மாற்றும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு பாகங்கள் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பல்லோடு பல் சத்தமில்லாமல் கோக்கும். அந்த வேகத்தைச் சமன் செய்வது ஒரு பித்தளை வளையம். கியரின் கூம்பு முனைமேல் போய் அழுந்தி, பிரேக் போல உராய்ந்து, வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. வளையத்தின் உள்பக்கம் தலைமுடி அகலத்துக்கு நெருக்கமாக வரிவரியாக இருக்கும். அந்த வரிகள்தான் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தைக் கிழித்து ஓரம் தள்ளுகின்றன. ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் கிழிய நேரமாகும், கை மணலில் இழுப்பது போல உணரும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்கவே பிடிக்காது, பல் மோதி நறநறக்கும்.

கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு வளையத்தின் சுகதுக்கம்தான்.

அறிகுறி: குளிரில் மட்டும் கடினம், சூடானால் சரியாகிறது

இதுதான் அதிகம் பேர் சொல்லும் புகார். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆயிலின் குளிர்ப் பாகுத்தன்மைதான் காரணம்.

பாட்டிலில் இருக்கும் முதல் எண்ணைப் பாருங்கள். டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் இருப்பது. கியர் ஆயிலுக்கான எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்கள் சங்கம்) அளவுகோலில், ஆயில் கெட்டியாகி 1,50,000 சென்டிபாய்ஸைத் (பாகுத்தன்மையின் அலகு) தாண்டக் கூடாத வெப்பநிலையை அந்த எண் குறிக்கிறது. 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 டிகிரி செல்சியஸ். 80டபிள்யூ என்றால் மைனஸ் 26. 75டபிள்யூ என்றால் மைனஸ் 40. ஆக, சூட்டில் ஒரே மாதிரி இருக்கும் 80டபிள்யூ-90-உம் 75டபிள்யூ-90-உம், பூஜ்ஜியம் டிகிரி காலையில் இரண்டு வேறு பிறவிகள்.

பின்னால் வரும் 90-ஐப் பார்த்து மிரள வேண்டாம். எஞ்சின் ஆயிலில் 40 என்றால் 90 அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு அளவுகோல். கியர் ஆயிலின் 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (இதுவும் பாகுத்தன்மை அலகுதான்) வரை. எஞ்சின் ஆயிலில் 40, 50 என்று சொல்வதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

இந்தப் பெட்டிக்கு மாஸ்டா கையேடு சொல்வது எல்லாப் பருவத்துக்கும் 75டபிள்யூ-90. எப்போதும் 10 டிகிரிக்கு மேல் இருக்கும் ஊரென்றால் 80டபிள்யூ-90 போதும். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், முந்தைய ஓனர் மலிவாகக் கிடைத்த 80டபிள்யூ-90 தாது எண்ணெயை ஊற்றியிருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை வடித்து, சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர எண், கீழே சொல்கிறேன்) ஊற்றினாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும். மியாட்டாக்காரர்கள் அதிகம் சொல்லும் பெயர்கள் இரண்டு: ரெட் லைன் எம்டி-90, ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் முழு சிந்தெடிக் மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஆயில். நான் முதலாவதில் நின்றுவிட்டேன். இரண்டாவது மட்டம் என்பதால் இல்லை, முதலாவது பக்கத்துக் கடையில் கிடைத்தது.

இன்னும் தண்ணியான 75டபிள்யூ-80 போடலாமா? குளிரில் கை நிச்சயம் லேசாகும். ஆனால் கோடையில் நெடுஞ்சாலையில் பெட்டி சூடேறியதும் சத்தம் கூடும். பழைய பெட்டி என்றால் பேரிங்குகளின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. குளிர்காலத்திலும் தினமும் ஓட்டுபவர்கள் யோசிக்கலாம்.

எதை ஊற்றினாலும் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் கொஞ்சம் முனகும். இந்தப் பெட்டியின் சுபாவம் அது. அந்த நேரத்தில் கையை முறுக்காமல், எஞ்சின் வேகத்தை இறக்கிவிட்டு, நியூட்ரலில் அரை நொடி நிறுத்தி, பிறகு இழுங்கள். இறங்கு கியர் என்றால் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைத் தட்டிவிட்டுப் போடுங்கள். லாரி டிரைவர்கள் செய்யும் அதே டபுள் கிளட்ச்தான்.

அறிகுறி: ஆயில் மாற்றிய பிறகு நறநற, அதுவும் சூட்டில்

என் மூன்றாவது கியர் கதை இதுதான். நான் வாங்கிய பாட்டிலில் 75டபிள்யூ-90-க்குப் பக்கத்தில் சின்னதாக எல்எஸ் என்று இருந்தது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கான, அதாவது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுழலாமல் தடுக்கும் அச்சுப் பெட்டிக்கான ஆயில் என்று பொருள். பின் அச்சுப் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் திணறாமல் வழுக்குவதற்காக, உராய்வைக் குறைக்கும் மருந்து ஏற்கெனவே அதில் கலந்திருக்கும். அதைக் கொண்டுபோய் சிங்க்ரோ வளையத்துக்கு ஊட்டினேன். பிரேக் கட்டைக்கு எண்ணெய் தடவிய கதை.

பின் அச்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே எண்ணில் ஆயில் விற்பதால் வரும் குழப்பம் இது. ஒரே கம்பெனியின் பாட்டில்களிலேயே இது உண்டு. ரெட் லைன் எடுத்துக்கொண்டால் 75டபிள்யூ-90 என்று மட்டும் போட்டது டிஃபரன்ஷியலுக்கு, எம்டி-90 கியர் பாக்ஸுக்கு. மோட்டுல் கியர் 300 ஒன்று, கியர் 300 எல்எஸ் இன்னொன்று. எண்ணைப் படித்ததும் நிறுத்தாமல் எழுத்தையும் படியுங்கள்.

ஊற்றிவிட்டீர்களா? ஒருமுறை வடித்தால் முழுக்கப் போகாது. பெட்டியின் மூலை முடுக்குகளிலும் வளையத்தின் வரிகளிலும் மிச்சம் நிற்கும். நான் சரியான ஆயிலை ஊற்றி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு, மறுபடி புதிதாக நிரப்பினேன். மூன்றாவது கியர் அடங்கியது. ஆயில் மாற்றாமலே, ஒரே ஒரு கியர் மட்டும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நறநறக்கத் தொடங்கியிருந்தால் கதை வேறு. அந்த வளையம் தேய்ந்துவிட்டது. ஆயில் கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது.

ஜிஎல்-4, ஜிஎல்-5 சண்டையை இங்கேயே முடித்துவிடலாம். இரண்டும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ வகுத்த தரங்கள். பின் அச்சில் இருக்கும் ஹைபாய்டு பற்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே சுற்றும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் மருந்துகள் ஜிஎல்-4-ஐவிடச் சுமார் இரண்டு மடங்கு இருக்கும். சூட்டில் அந்தக் கந்தகம் செம்பு கலந்த உலோகங்களைச் சீண்டும். நம் வளையம் பித்தளை.

ஆனால் ஜிஎல்-5 ஊற்றினால் அடுத்த வாரமே வளையம் கரைந்துவிடும் என்று சொல்வது மிகை. மாஸ்டா கையேடே இந்தப் பெட்டிக்கு இரண்டையும் அனுமதிக்கிறது. இப்போதைய நல்ல ஜிஎல்-5 ஆயில்களில் கந்தகத்தை அடக்கி வைக்கும் சேர்மானமும் உண்டு. சந்தேகமிருந்தால் அந்த ஆயிலின் தகவல் தாளில் செம்புத் தகடு சோதனையைத் தேடுங்கள். பளபளப்பான செம்புத் துண்டைச் சூடான ஆயிலில் சில மணி நேரம் போட்டு வைத்து நிறம் பார்ப்பார்கள். 1ஏ என்றால் கிட்டத்தட்டப் புதுசு மாதிரி. 4சி என்றால் கருகிவிட்டது. 1-இல் தொடங்குவதாக இருந்தால் எனக்குச் சம்மதம். இல்லாவிட்டால் ஜிஎல்-4. பாட்டிலில் எம்டி-1 என்று இருப்பதைப் பார்த்து மேனுவல் டிரான்ஸ்மிஷன் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது சிங்க்ரோவே இல்லாத பஸ், லாரி பெட்டிகளுக்கான தரம்.

பின் அச்சுக்கு மட்டும் ஜிஎல்-5 கட்டாயம். அங்கே ஜிஎல்-4 போடாதீர்கள்.

அறிகுறி: லீவர் வறட்டுத்தனமாக இருக்கிறது, கியர் குமிழ் பக்கம் சூடு அடிக்கிறது

எல்லா கியரிலும், சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி சொரசொரப்பு இருந்தால் பெட்டிக்குள் இருக்கும் ஆயிலைக் குறை சொல்லாதீர்கள். 5 கியர் மியாட்டாவில் லீவரின் அடிப்பாகம் தனியாக ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று தனி ஆயில். பெட்டியின் ஆயில் அங்கே ஏறாது. ஆயில் மாற்றித் தருகிறவர்களில் பலருக்கு இந்தக் கிண்ணம் இருப்பதே தெரியாது, வண்டி பிறந்த நாளில் ஊற்றியதுதான்.

குமிழைத் திருகிக் கழற்றுங்கள். நடுக் கன்சோலை எடுங்கள். மேல் ரப்பர் உறை 10 மி.மீ. போல்ட்டுகளில் நிற்கிறது. அதற்குக் கீழே இன்னொரு உறை. என் வண்டியில் கீழ் உறை கிழிந்து இரண்டு துண்டாகத் தொங்கியது. அந்த ஓட்டை வழியாகத்தான் ஆகஸ்டில் என் வலது முழங்கால் வெந்துகொண்டிருந்தது. லீவரை மேலே இழுத்ததும் அடியில் பார்த்தேன்: ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் காப்பிப் பொடி நிறத்தில் ஒரு ஸ்பூன் சேறு. லீவர் முனையில் இருக்கும் நைலான் புஷ் மஞ்சளித்து, ஒரு பக்கம் பிளந்திருந்தது.

மருந்து ஊசிக் குழாயால் சேற்றை உறிஞ்சி, துணியால் துடைத்து, அதே 75டபிள்யூ-90-ஐ 80 முதல் 95 மில்லி வரை ஊற்றினேன். புது புஷ், புது உறைகள். இரண்டு மணி நேர வேலை. அதுவரை நான் ஆயிலுக்கு அழுத காசில் பாதிகூட ஆகவில்லை, ஆனால் கை உணர்ந்த மாற்றம் எல்லா ஆயிலையும்விடப் பெரியது. நான் மறுபடி ஒரு பழைய மியாட்டா வாங்கினால் முதலில் கைவைப்பது இங்கேதான்.

அறிகுறி: சத்தம்

நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் இருக்கும்போது உறுமல் வந்து, மிதித்ததும் நின்றால், எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங். மாறாக மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், அதற்கும் கியர் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. நியூட்ரலில் லேசான கடகட, தண்ணியான ஆயிலுக்கு மாறியபின் வந்தது என்றால் பல்லிடுக்கு ஆட்டம்தான். கெடுதல் இல்லை.

ஓடும்போது ஊளையிட்டால் எந்தெந்த கியரில் என்று கவனியுங்கள். இந்தப் பெட்டியில் நான்காவது கியர் நேரடி, 1-க்கு 1. அதில், மற்ற கியர்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் கீழ் ஷாஃப்ட் சும்மா சுற்றும், பளு அதன்மேல் ஏறாது. மற்ற கியர்களில் எல்லாம் ஊளையிட்டு நான்காவதில் மட்டும் அமைதி என்றால் கீழ் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றி அதை மறைத்து வண்டியை விற்பவர்களும் உண்டு. வாங்கப் போகும்போது பெட்டியைச் சூடாக்கிவிட்டுக் கேளுங்கள்.

அறிகுறி: கியர் தானாக வெளியே குதிக்கிறது

ஆயில் இல்லை. பல்முனை தேய்வு, கியரைத் தள்ளும் ஃபோர்க், இல்லையென்றால் எஞ்சின் மவுன்ட். பெட்டியைப் பிரிப்பவரிடம் போங்கள்.

வடித்த ஆயில் சொல்வது

ஆயில் மாற்றுவதே சில சமயம் நோய் கண்டுபிடிக்கத்தான். வடித்ததை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும், விரலில் தேய்த்தால் மையாக இருக்கும். அது இயல்பு. விரலில் குத்தும் செதில் கிடைத்தால் பல் உடைந்திருக்கலாம். ஆயிலில் நகைக்கடைத் தூசி போலத் தங்கம் மினுங்கினால் அது வளையத்தின் பித்தளை. 25 வருட வண்டியில் கொஞ்சம் மினுங்குவது சகஜம், ஆயிலே தங்க பெயின்ட் மாதிரி இருந்தால் சகஜமில்லை. பாலாடை நிறம் என்றால் தண்ணீர். சூடான பெட்டி ஆழமான குட்டைக்குள் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உடனே மாற்றுங்கள்.

மாற்றும்போது

வண்டியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு தப்பும். பக்கவாட்டில் இருக்கும் நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள், அது வந்த பிறகுதான் அடி போல்ட். இரண்டும் 24 மி.மீ. ஆயிலை வடித்தபின் நிரப்பும் போல்ட் துருப்பிடித்துக் கழல மறுத்தால் வண்டி அப்படியே அந்தரத்தில் நிற்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து நீளமான குழாயை இறக்கி, மேலே புனல் வைத்து ஊற்றினால் படுத்துக்கொண்டு பம்ப் அடிக்க வேண்டியதில்லை. நிரப்பும் துளையின் உதட்டில் ஆயில் வழியத் தொடங்கினால் போதும்.

அளவு 2 லிட்டர். 6 கியர் பெட்டி என்றால் 1.75. இங்கே பாட்டில் 946 மில்லி, இரண்டு வாங்கினால் 1.89 லிட்டர்தான் ஆகும். பத்தாது. மூன்றாவதை வாங்குங்கள், மிச்சம் லீவர் கிண்ணத்துக்கு ஆகும்.

வேறு வண்டியா?

ஹோண்டா எஸ்2000 வைத்திருப்பவர் மேலே உள்ள 75டபிள்யூ-90-ஐ மறந்துவிடுங்கள். ஹோண்டா பெட்டிகள் எஞ்சின் ஆயில் அளவுக்குத் தண்ணியான எம்டிஎஃப் என்ற திரவத்துக்காகச் செய்தவை. அவசரத்துக்கு 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலைத் தற்காலிகமாக ஊற்றலாம் என்று ஹோண்டா கையேடுகளே சொல்லியிருக்கின்றன. அதில் கெட்டி கியர் ஆயிலை ஊற்றினால் எல்லா கியரும் என் அக்டோபர் இரண்டாவது கியராகிவிடும்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் இதற்கு நேர் எதிர். அதன் முன் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸின் உள்ளேயே, அதே ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கிறது. ஹைபாய்டு பல் இருப்பதால் ஜிஎல்-5 வேண்டும். சிங்க்ரோவும் இருப்பதால் எல்எஸ் கூடாது. யாரோ ஜிஎல்-4 நல்லது என்றார் என்று அங்கே ஊற்றினால் கியர் மாற்றம் இனிமையாக இருக்கும், அந்த முன் டிஃபரன்ஷியல் பல் மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். போர்ஷே 911, பாக்ஸ்டர் மாதிரி கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டியில் இருக்கும் வண்டிகளுக்கும் இதே கணக்குதான். அவற்றுக்குக் கையேடு எந்த ஆயிலைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள்.